முப்பத்தொண்டுக்கு நான் ஏன் வரவில்லை

தம்பி,

இந்தக் கடிதத்தை நீ இரண்டு தரம் வாசிக்க வேண்டும். முதல் தரம் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கையிலிருக்கும் கிறீஸைக் கழுவி, தனிய இருந்து ஆறுதலாக வாசி. இரண்டாம் தரம் வெள்ளிக்கிழமை, உன் சின்னவன் பிறந்த முப்பத்தோராம் நாள், முப்பத்தொண்டு அன்று, ஐயர் வீடெல்லாம் தண்ணீர் தெளித்துத் பிறப்புத் தீட்டான துடக்கைக் கழித்துவிட்டுப் போன பிறகு, பந்தி தொடங்குவதற்கு முன்னர், வந்திருக்கும் எல்லாருக்கும் கேட்கும்படி வாசி. இதைக் கொண்டுவருவது உன் அப்பாவின் தங்கை ராணி மாமிதான். உங்களுக்கு உதவிக்கு நிற்க நாளைக் காலை பஸ்ஸில் வவுனியாவுக்கு வெளிக்கிடுகிறா. படலைக்கு வெளியே நிற்கச் சொல்லி, மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு போய் இதை அவவிடம் நீட்டுவேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பா. போனிலே தொடங்கினால் நடுவிலே அழுது, வேறு கதைக்குப் போய், சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே வைத்துவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்றாலும் என் எழுத்தை வாசிக்க ஒருவரும் கஷ்டப்பட்டதில்லை. எழுதிவிட்டால் அதை நான் திரும்ப விழுங்கவும் முடியாது.

வெள்ளிக்கிழமை நான் வரமாட்டேன். நேற்றுப் பின்னேரம் தொண்டையிலே ஒரு கரகரப்பு. மூக்கும் ஒரு பக்கம் அடைத்தது. வழக்கம்போல உப்புத் தண்ணீரை இளஞ்சூட்டில் கொப்பளித்தேன். பிறகு பாமசியில் விற்கும் அந்தக் கபில நிற மருந்தைக் கலந்து கொப்பளித்தேன். நீ வாங்கி அனுப்பிய ஸ்பிரேயை இரண்டு மூக்கிலும் அடித்தேன். இன்று காலை எழும்பினால் கரகரப்பைக் காணவில்லை. இப்போது என்னைப் பார்க்கிற எவரும் நான் நல்ல சுகமாக இருக்கிறேன் என்றுதான் சொல்லுவார்கள். பையும் கட்டியபடி கதிரையில் இருக்கிறது. அந்தப் பையைப் பார்த்துக்கொண்டு இருந்தபோதுதான் எனக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. நாலு வருடத்துக்கு முன்னர், உன் மூத்தவள் தாரணியின் முப்பத்தொண்டுக்கு வெளிக்கிட்ட அன்றும் எனக்கு இதே மாதிரித்தான் இருந்தது. அதை இன்றுவரை நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

உப்புத் தண்ணீரில் எனக்கிருந்த நம்பிக்கை உனக்குத் தெரியும். சண்டை முடிந்து முகாமிலே நாங்கள் இருந்த காலத்தில் ஒரு கூடாரத்தில் இருமினால் அடுத்த நாள் பத்துக் கூடாரத்தில் இருமும். உனக்கு அப்போது பதினைந்து வயது. தண்ணீருக்கும் வரிசை, மருந்துக்கும் வரிசை. நான் போத்தல் மூடியால் உப்பு அளந்து, சுடுதண்ணீரில் கரைத்து, காலையும் மாலையும் உன்னைப் பிடித்துக் கொப்பளிக்க வைப்பேன். "உப்புத் தண்ணி டொக்டர் வந்திட்டா" என்று நீ பக்கத்துக் கூடாரத்துப் பொடியங்களுக்குச் சொல்லிச் சிரிப்பாய். அந்த முகாமை விட்டு நீ நெஞ்சிலே ஒரு பழுதும் இல்லாமல் வெளியே வந்தாய். அது உப்பால் வந்தது என்று நான் முடிவெடுத்துவிட்டேன். அதே உப்பைக் கொப்பளித்தும் இருமியபடி கிடந்த பிள்ளைகளை நான் நினைவில் வைத்திருக்கவில்லை. எங்கள் ஊர் தண்ணீரூற்றுக்குத் திரும்பி வந்த பிறகும் நான் விடவில்லை. கிணற்றடியில் நின்று நான் அண்ணாந்து தொடங்கினால், "மெசின் ஸ்ராட் ஆகுது, வாய்க்காலைப் பாருங்கோ" என்பார் உன் அப்பா. அவர் போய்ச் சேரும்வரை அந்தப் பகிடியை விடவில்லை, நானும் கொப்பளிப்பை விடவில்லை.

பிறகு கொரோனா வந்தது. நீதான் முதலில் அந்தக் கபில மருந்தை அனுப்பினாய், பிறகு மூக்குக்கு அடிக்கும் ஸ்பிரேயையும் அனுப்பினாய். சனத்துக்குள்ளே போகும்போது பாவியுங்கோ என்றுதான் சொன்னாய். மாஸ்க்கும் போடுங்கோ, கையும் கழுவுங்கோ என்றும் சொன்னாய். எனக்குப் பிடித்தமானதை மட்டும் நான் காதில் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஒழுங்கையில் அந்த ஸ்பிரே வைத்திருந்தது நான் ஒருத்திதான். அக்கம்பக்கத்துப் பெண்கள் வந்து எப்படிப் பாவிப்பது என்று கேட்பார்கள். மகன் வவுனியாவில் இருந்து அனுப்பினவன் என்று சொல்லிச் சொல்லிக் காட்டுவேன். அவ்வளவு காலமும் எனக்கு அந்தக் கொரோனா வருத்தம் வரவில்லை. வராததற்கு எத்தனை காரணம் இருந்திருக்கும், எனக்கு அந்தப் போத்தல் ஒன்றுதான் காரணமாகத் தெரிந்தது.

தாரணி நாள் நிரம்ப முன்னர் பிறந்தவள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக்கு வெளியே நின்று, என் உள்ளங்கை அளவு முகத்தை ஒரு தரம் பார்த்ததோடு நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். பிள்ளையையும் தாயையும் பார்க்க உன் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, கிளிநொச்சியில் இருந்து வந்து உங்களோடு நின்றா. நான் இங்கே துடக்கு ஒழுங்காகக் காத்தேன். தகப்பன் வழியென்றபடியால் முப்பது நாளும் கோயில் வாசல் மிதிக்கவில்லை. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் அந்த நாட்களுக்குள்ளேதான் வந்தது. சனம் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போனது. கடல் தண்ணீரில் விளக்கெரியும் அந்தக் கோயிலுக்கு நான் கல்யாணம் முடித்து வந்த நாளில் இருந்து, இடம்பெயர்ந்த வருடங்கள் தவிர, போகாமல் விட்டதில்லை. அந்த வருடம் படலைக்குள் நின்று கும்பிட்டேன். அம்மாளுக்கு முன்னால் துடக்கோடு போகக் கூடாது என்று எனக்கு அவ்வளவு நன்றாகத் தெரிந்திருந்தது, தம்பி. தொண்டைக் கரகரப்போடு ஒரு பச்சைப் பிள்ளைக்கு முன்னால் போகக் கூடாது என்பது மட்டும் தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவதும் பொய். தெரியும். போக ஆசையாக இருந்தது.

முப்பத்தொண்டுக்கு இரண்டு நாள் முன்னர், பிள்ளையின் கழுத்துக்குப் பஞ்சாயுதச் சங்கிலி எடுக்கப் புதுக்குடியிருப்புக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் என் பின்னாலே நின்றவர் இருமிக்கொண்டே வந்தார். அன்றிரவே மூக்கு அடைத்தது. அடுத்த நாள் தொண்டை. நான் கொப்பளித்தேன், அடித்தேன், திரும்பக் கொப்பளித்தேன். வெளிக்கிட்ட அன்று காலை கரகரப்புக் குறைந்திருந்தது. மாங்குளத்தில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றபோது கடைக்குப் பின்னாலே போய்க் கபில மருந்தால் இன்னொரு தரம் கொப்பளித்தேன். ஐயர் தெளிக்கும் தண்ணீர் வீட்டின் துடக்கைக் கழிப்பதுபோல இது என் துடக்கைக் கழித்துவிட்டது என்றுதான் மனதிலே இருந்தது.

உன் வீட்டுக்கு வந்ததும் நான் முதலில் போனது பின்பக்கத்துக் குழாயடிக்கு. அங்கே சம்பந்தியம்மா அரிசி கழுவிக்கொண்டு இருந்தா. நான் கொப்பளித்துத் துப்பியதைப் பார்த்தா. "தொண்டை சரியில்லைங்களா அக்கா?" என்று கேட்டா. பயணப் புழுதி என்று சொன்னேன். கொஞ்ச நேரத்தில் கொத்தமல்லித் தண்ணீர் காய்ச்சி ஒரு டம்ளரில் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் போனா. அதைக் குடித்த கையோடு நான் போய்ப் பிள்ளையைத் தூக்கினேன். மாஸ்க் பைக்குள்ளே கிடந்தது. நீங்கள் போட்டோ எடுத்தீர்கள், சங்கிலி போடும்போது முகம் மறைந்திருக்கக் கூடாது என்று நினைத்தேன். நெற்றியிலே கொஞ்சினேன், கன்னத்திலே கொஞ்சினேன், அந்தச் சின்ன மூக்கிலே என் மூக்கை வைத்து உரசினேன். அந்தப் போட்டோ இன்றும் உன் வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நான் வரும்போதெல்லாம் அதற்கு முதுகு காட்டித்தான் இருப்பேன். நீ கவனித்திருக்க மாட்டாய்.

அந்த நேரம் குசினியில் சம்பந்தியம்மா தன் மகள் சுகந்தியின் பத்தியக் கறிக்கு மிளகும் சரக்கும் வறுத்து இடித்துக்கொண்டு இருந்தா. அந்தக் காரம் மூக்கில் ஏறி மூன்று நாலு தரம் பலமாகத் தும்மினா. வந்திருந்த எங்கள் ஆக்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ராணி மாமி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினா. அதைப் பார்த்து நானும் சிரித்தேன்.

நாலாம் நாள் பிள்ளை பால் குடிக்கவில்லை. மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தது. நீ ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாய். முகத்தில் ஒட்சிசன் குழாயோடு அவள் கிடந்த ஐந்து நாளும் உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அந்த ஆஸ்பத்திரி வாட்டு வாசலில் வைத்துத்தான் ராணி மாமி அந்தக் கதையைச் சொன்னா. "அந்தச் சனத்துக்குச் சுத்தம் எங்கால தெரியும், சட்டிக்கு மேல தும்மிக்கொண்டெல்லோ நிண்டவ" என்று. மலைநாட்டில் இருந்து கலவரத்தோடு வன்னிக்கு வந்து, காடு வெட்டி, தோட்டம் செய்து, மூன்று பெண்பிள்ளைகளையும் படிப்பித்த மனுசியை அந்தச் சனம் என்றா. ஏழெட்டுப் பேர் கேட்டுக்கொண்டு நின்றோம். சுகந்தி தலையைக் குனிந்தாள். நீ பேசவில்லை. நானும் பேசவில்லை. நான் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கதை அந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

அந்த வாட்டில் ஒரு நேர்ஸ் மிஸ்ஸி இருந்தா, உயரமான பிள்ளை. நான் கைகழுவும் இடத்தில் கொப்பளித்துக்கொண்டு நின்றதைக் கண்டு, காலையில் இருந்து எத்தனை தரம் என்று கேட்டா. ஆறு என்று சொன்னேன். போத்தலை வாங்கிப் பார்த்துவிட்டு, தைரொயிட் வருத்தம் இருக்கிறதா என்று விசாரித்தா, இருந்தால் இப்படி அயடின் சேர்ந்ததைக் கேட்காமல் பாவிக்கக் கூடாதாம். பிறகு சொன்னா: "கொப்பளிக்க வேண்டாமெண்டு நான் சொல்லேல்லை அம்மா. தொண்டைக்குச் சுகமாயிருக்கும். கிருமியைக் கொஞ்சம் குறைக்குமோ எண்டு இப்பவும் ஆராய்ச்சி செய்துகொண்டுதான் இருக்கினம். ஆனா கிருமி நீங்க கழுவிற இடத்தில மட்டும் இருக்கிறேல்லை. உள்ளுக்கு இருந்து திரும்பப் பெருகும். கரகரப்புப் போட்டுது எண்டு நினைச்சுக்கொண்டு குழந்தையைத் தூக்கப்படாது." இந்த வருத்தம் பிள்ளைக்கு யாரிடம் இருந்து வந்திருக்கும் என்று நான் மெதுவாகக் கேட்டேன். அதை ஒருவராலும் சொல்ல முடியாது, அன்றைக்கு எத்தனை பேர் தூக்கியிருப்பார்கள் என்றா. அந்த மறுமொழிக்குள் நான் ஒளித்துக்கொண்டேன். நாலு வருடம் அதற்குள்ளேயே இருந்துவிட்டேன். நானில்லாமலும் இருக்கலாம், அது உண்மைதான். ஆனால் வருத்தத்தோடு வந்து பிள்ளையின் மூக்கோடு மூக்கு வைத்தவள் நான். மிளகு இடித்தவ தும்மியது மிளகுக்கு.

ஐந்தாம் நாள் ஒட்சிசனைக் கழற்றினார்கள். எல்லாரும் வாட்டுக்குள் போய்விட்டார்கள். வெளியே வாங்கிலில் நானும் சம்பந்தியம்மாவும் மட்டும் இருந்தோம். நீ அதற்கு முதல் நாள்தான் அவவிடம், கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குப் போய் ஆறியிருங்கோ என்று சொல்லியிருந்தாய். மரியாதையாகத்தான் சொன்னாய், ஆனால் ஏன் சொன்னாய் என்று அவவுக்கு விளங்கியது. கையில் உடுப்புப் பையோடு இருந்தா. எழும்பும்போது என் பக்கம் திரும்பி, "தொண்டை இப்ப பரவாயில்லைங்களா அக்கா?" என்று கேட்டா. குரலிலே குத்தல் இல்லை. உண்மையாகவே சுகம் விசாரித்தா. நான் ஓம் என்றேன். அவ போய் கிளிநொச்சி பஸ் ஏறினா. எல்லாம் தெரிந்துகொண்டு, ராணி மாமி சொன்னதையும் கேட்டுக்கொண்டு, தன் மகள் இந்தக் குடும்பத்துக்குள் வாழ வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டு போனா.

அதற்குப் பிறகு அவ உங்கள் வீட்டில் ஒரு நாள் தங்கியதில்லை. தாரணியைப் பார்க்க வந்தாலும் விறாந்தைக் கதிரையில் இருந்து, தூரத்தில் வைத்துக் கதைத்து, பின்னேர பஸ்ஸுக்குப் போய்விடுவா. சின்னவன் பிறந்தபோது சரக்கை இடித்துப் போத்தலில் அடைத்து பஸ்ஸில் அனுப்பினா, தான் வரவில்லை. நாரி வருத்தம், இடுப்பு நோகுது என்று காரணம் சொன்னா. போன கிழமை சுகந்தி என்னோடு போனில் கதைத்தாள். "முப்பத்தொண்டுக்கும் அம்மா வரமாட்டாவாம் மாமி. தன்னால பிள்ளைக்கு ஏதும் வந்திடுமெண்டு பயமாக் கிடக்காம்" என்று சொல்லி அழுதாள். தம்பி, நாங்கள் சொல்லிச் சொல்லி அவவையே அதை நம்ப வைத்துவிட்டோம். குழாயடியில் தன் கண்ணால் பார்த்தவ, இப்போது தன்னைத்தான் சந்தேகிக்கிறா.

நீ தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவன். வெளியைத் துடைத்து மினுக்கிக் கொண்டுவந்து, மெசின் நல்லாய்த்தான் ஓடுகிறது என்று விற்கப் பார்ப்பவர்களை நீ எத்தனை தரம் ஏசியிருப்பாய். நான் செய்ததும் அதுதான். உன்னை நான் கொப்பளிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. தொண்டைக்கு இதமாக இருந்தால் செய். ஸ்பிரே அடிக்க விருப்பமென்றால், டொக்டரைக் கேட்டு, போத்தலில் எழுதியிருக்கும் அளவுக்குள் அடி. சின்னவனின் மூக்குக்கும் வாய்க்கும் அதில் ஒரு துளியும் காட்டாதே, தாரணிக்கும் கேட்காமல் கொடுக்காதே. ஆனால் உனக்குச் சளி, தடிமன் தொடங்கினால் கொப்பளித்துவிட்டு வந்து பிள்ளையைத் தூக்காதே. மாஸ்க் போடு, கையைக் கழுவு, யன்னலைத் திறந்து வை, தள்ளிப் படு. சுகந்திக்குத் தடிமன் என்றால் மாஸ்க்கோடு பால் கொடுக்கட்டும், பாலை நிறுத்த வேண்டியதில்லை என்று மிஸ்ஸி அன்றைக்கே சொன்னா. எங்கள் ஆக்கள் முப்பது நாள் அந்த வீட்டுக்குக் கிட்டவும் வராமல் நிற்பார்கள், முப்பத்தோராம் நாள் எல்லாருமாகப் பிள்ளைக்கு மேலே விழுவார்கள். வெள்ளிக்கிழமை வாசலில் வாளியும் சவர்க்காரமும் வை. இருமுகிறவர்களை முற்றத்துக் கதிரையில் இருத்திச் சாப்பாடு கொடு. கோபித்தால் கோபிக்கட்டும், அம்மாவையே வரவேண்டாம் என்று நிற்பாட்டியாச்சு என்று சொல்லு. தாரணி போன தரம் என்னைப் பிடித்து, "அப்பம்மா, முழங்கைக்குள்ள தும்முங்கோ" என்று பழக்கினாள். முன்பள்ளியில் சொல்லிக் கொடுத்ததாம். நான் பிழையாகச் செய்ய, கையைப் பிடித்து மடக்கி வைத்தாள். ஒட்சிசன் குழாயோடு கிடந்த பிள்ளை அது. அவளைப் போல ஒரு கெட்டிக்காரி எங்கள் பரம்பரையில் இல்லை, இதையும் எல்லாருக்கும் கேட்கவே வாசி.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்த முதல் வாசிப்பு முடிந்ததும் கிளிநொச்சிக்குப் போ. போனில் கூப்பிடாதே, நேரே போ. இந்தக் கடிதத்தை அவவுக்கு முன்னால் இருந்து வாசித்துக் காட்டு. பிறகு மகனாகக் கேட்டு அவவைக் கூட்டி வா. அன்றைக்கு நீ சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க உனக்கு வழி தெரியும். உன் பிழை சின்னது. நீ நடந்ததை அறியாமல் செய்தாய். ராணி மாமியும் அறியாமல்தான் கதைத்தா. அந்தச் சனம் என்று சொன்னதற்கு அவ பதில் சொல்லத்தான் வேண்டும், அதை அவவும் சம்பந்தியம்மாவும் பார்த்துக்கொள்ளட்டும். ராணி, இதைக் கேட்டுக்கொண்டு எழும்பிப் போகாதை. நானே எழும்பிப் போகாமல் இருந்து எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் எல்லாம் அறிந்துகொண்டு வாய் திறவாமல் இருந்தது நான் ஒருத்திதான். வாட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் கேட்க அவவின் பெயர் கெட்டது. அதனால்தான் இதையும் அத்தனை பேர் கேட்க வாசிக்கச் சொல்கிறேன்.

கடிதத்தோடு சின்னவனின் பஞ்சாயுதச் சங்கிலியும் இருக்கிறது. தகப்பன் வழி அப்பம்மா போடுவதுதான் எங்கள் முறை. இந்த முறை சம்பந்தியம்மா போடட்டும். மறுப்பா. நான் கேட்டதாகச் சொல்லு. பிள்ளையை அவவின் மடியிலே வைத்து, அவவின் கையாலே போட வைத்து, போட்டோ எடு. பழைய போட்டோவைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலே இதை மாட்டு. நான் சுகமாகி, பத்துப் பதினைந்து நாள் கழித்து வந்து பார்க்கிறேன்.

போட்டு முடிந்ததும் அவ என்னைப் பற்றி விசாரிப்பா, அவவின் குணம் எனக்குத் தெரியும். அக்காவின் தொண்டை எப்படி என்றுதான் கேட்பா. இன்னும் மாறவில்லை, அதனால்தான் வரவில்லை என்று சொல்லு.

அம்மா
தண்ணீரூற்று